மழை பெய்யாத ராத்திரிகளில் ஆடவேண்டிய துப்பாக்கி கேம்கள்

எங்கள் வீட்டில் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் ஒரே சட்டம்தான்: சத்தம் வரக்கூடாது. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. கீழே அம்மாவும் அக்கா மகனும் படுத்திருப்பார்கள். இரும்பு ஏணியில் ஏறினால் மாலா, அதாவது பரண் மாதிரி ஒரு மேல் அறை. நிமிர்ந்து நின்றால் தலை தகரத்தில் இடிக்கும். அங்கேதான் என் கம்ப்யூட்டர், ஒரு பலகை, ஒரு டேபிள் ஃபேன். பகல் முழுக்கத் தோல் பை தைக்கிற பட்டறையில், ஆறு மிஷினுக்கு நடுவே கட்டிங் டேபிளில் நிற்கிறவன் நான். ராத்திரி ஒன்றரை மணி நேரம் யாரையாவது சுட்டால்தான் தூக்கம் வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஆசைப்பட்டு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். நீல ஸ்விட்ச். தட்டினால் டைப்ரைட்டர் மாதிரி க்ளிக் க்ளிக் என்று கேட்கும். முதல் ராத்திரியே கீழேயிருந்து அம்மா குரல்: "ஏலே, மேல எலி கெடந்து சுரண்டுதா?" இரண்டாம் ராத்திரி எலிப்பொறியோடு ஏணியில் பாதி ஏறிவிட்டாள். கீபோர்டு அட்டைப் பெட்டிக்குள் போனது. இப்போது ரப்பர் கீபோர்டு, சத்தம் வராத மவுஸ், ஒயர் வைத்த ஹெட்போன்.

இப்படியே ஆடி ஆடி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புது கேம் வந்தால் மற்றவர்கள் கிராஃபிக்ஸ் பார்க்கிறார்கள், செகண்டுக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று எஃப்.பி.எஸ். பார்க்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் கேட்பேன். எதிரி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், மரத்தில் நிற்கிறானா மண்ணில் நிற்கிறானா என்று சொல்ல முடிந்தால் அது கேம். முடியாவிட்டால் தீபாவளிப் பட்டாசுக் கடை. பெயர் பெற்ற பல கேம்கள் எனக்குப் பட்டாசுக் கடைதான்.

முதலில் ஹெட்போனைச் சொல்லிவிடுகிறேன். மாஹிமில் லோக்கல் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினால் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லாமிங்டன் ரோடு. அங்கே ஒரு கடையில் "7.1, செவன் பாயின்ட் ஒன்" என்று அட்டையில் பெரிதாகப் போட்ட ஒன்றை வாங்கிவந்தேன். மூன்றே வாரத்தில் இடது காது செத்தது. கடைக்காரர் ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மடிச்சிட்டீங்க" என்றார். முடிந்தது வாரன்டி. அடுத்த சம்பளம் வரைக்கும் ஒற்றைக் காதோடு ஆடினேன். உலகத்தில் எல்லா எதிரியும் வலது பக்கமிருந்தே வந்தார்கள்.

அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 7.1 என்றால் சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், அதோடு அடிச்சத்தத்துக்கு ஒன்று. ஹெட்போனில் அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வித்தை. உள்ளே இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்தான். இரண்டே போதும் என்பதுதான் விஷயம். வலது பக்கம் எழும் சத்தம் வலது காதுக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம் முந்திக்கொண்டு போகிறது, கொஞ்சம் பலமாகவும் கேட்கிறது. மேலா கீழா, முன்னாலா பின்னாலா என்பதைக் காது மடலின் வளைவுகள் சத்தத்தை மாற்றுகிற விதத்திலிருந்து மூளை கண்டுபிடிக்கிறது. இந்தக் கணக்கையே கேமுக்குள் போட்டுக் கொடுப்பதற்கு எச்.ஆர்.டி.எஃப். என்று பெயர். கேம் ஒருமுறை இந்த வேலையைச் செய்து, ஹெட்போனின் 7.1 மறுபடியும் செய்தால் இரண்டு தடவை தாளித்த சாம்பார் கதைதான். ஹெட்போனில் இருப்பதை அணைத்துவிடுங்கள். ப்ளூடூத்தைத் துப்பாக்கி கேமுக்குத் தொடவே தொடாதீர்கள். சத்தம் பிந்தி வரும். எதிரி சுட்டு முடித்தபிறகு அவன் துப்பாக்கி வெடிப்பதைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

நான் துப்பாக்கி பிடித்தது ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.யில். நார்வே நாட்டுக்காரர்கள் செய்து 2000-ல் வந்த கேம். என் வயதுக்காரர்களில் அதை ஆடாத பையன் கிடையாது. 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு சைபர் கஃபே. ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்ததால் கஃபேக்காரர் எல்லா மெஷினிலும் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார். நான் ஐ.ஜி.ஐ. முழுவதையும் செவிடனாக ஆடினேன். ஒரு மிஷனுக்கு, அதாவது ஒரு கட்டத்துக்கு, நடுவே சேவ் செய்ய முடியாது. கேமரா கண்ணில் பட்டால் சைரன் அடிக்கும், எனக்குக் கேட்காது. ஏன் திடீரென்று பாரக்கிலிருந்து ஆள்மேல் ஆளாக வருகிறார்கள் என்று புரியாமலே செத்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரக் காசு போச்சு. பல வருஷம் கழித்துப் பழைய சிடியைத் தேடிப்பிடித்து ஹெட்போனோடு ஆடினபோது சைரன் கேட்டதும் சிரித்துவிட்டேன். அட, இதுதானா!

இன்றைக்கு அதை ஆடச் சொல்லமாட்டேன். எதிரிகளுக்கு மூளை கிடையாது. ஆனால் மலையடிவாரத்தில் படுத்துக்கொண்டு, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வாட்ச் டவரை ஸ்கோப்பில் பார்க்கிற அந்த அமைதி இருக்கிறதே, அதற்காகவே இருபது வருஷமாக மற்ற கேம்களில் தேடி அலைகிறேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் ஹாஃப் லைஃப் என்ற கேமின் மேல் கட்டின மாட், அதாவது அதையே மாற்றிச் செய்த கேம். 2023-லிருந்து கவுன்டர் ஸ்ட்ரைக் 2. அது கற்றுக்கொடுத்த முதல் பாடம், ஓடினால் கேட்கும், ஷிஃப்டை அமுக்கி நடந்தால் கேட்காது என்பது. இந்த ஒரே ஒரு விதியை வைத்து இவ்வளவு பெரிய சூதாட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். குண்டு வைத்தால் நாற்பது செகண்ட். அவிழ்க்கிற கருவியான கிட் இல்லாமல் அதை அவிழ்க்கப் பத்து செகண்ட், கிட் இருந்தால் ஐந்து. அவிழ்க்க ஆரம்பித்ததும் ஒரு சத்தம் வரும். எதிரி எங்கோ மூலையில் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பான். நான் அவிழ்ப்பதுபோல் ஒரு தட்டு தட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வேன். அவன் எட்டிப் பார்ப்பான். டப். சத்தத்தை வைத்துப் பொய் சொல்ல விடுகிற கேம் இது. என்னைப்போல் கை வேகம் குறைந்த, முப்பத்தேழு வயது ஆசாமி பதினேழு வயதுப் பையனை ஜெயிக்க உள்ள ஒரே வழியும் இதுதான்.

ரெயின்போ சிக்ஸ் சீஜ் இன்னும் ஒரு படி மேலே. இதை விளக்க எங்கள் சந்துக் கதையைச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு டிவி சீரியல் முன்பெல்லாம் நடுச் சுவர் வழியாக முனகலாகக் கேட்கும். அவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை போட்ட நாளிலிருந்து அதே சீரியல் சந்து வழியாக ஒரு வளைவு வளைந்து எங்கள் ஜன்னலில் தெளிவாக நுழைகிறது. சீரியல் மாமியார் வலது பக்கமிருந்து இடது பக்கம் போய்விட்டார். சீஜில் நடப்பதும் இதுதான். சத்தம் சுவரை நேராகத் துளைத்து வராது. கதவு, ஜன்னல், ஓட்டை என்று வழி பார்த்து வரும். யாராவது ஒரு சுவரை உடைத்தால் அந்த நிமிஷத்திலிருந்து காலடிச் சத்தம் வேறு பக்கமிருந்து வர ஆரம்பிக்கும். 2015-ல் வந்த கேம். இந்த விஷயத்தில் அதை மிஞ்சினதாக என் காதில் எதுவும் படவில்லை. குறை என்னவென்றால் ஆபரேட்டர்கள், அதாவது நாம் எடுத்து ஆடுகிற வீரர்கள், எண்ணிக்கை எழுபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவனிடமும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பீப். பட்டறையில் பதினாறு விதத் தோல் ஞாபகம் வைத்திருக்கிறவனுக்கே இது முடியவில்லை. ஆறு மாதம் விட்டுவிட்டுப் போனால் மறுபடி ஒன்றாம் வகுப்பு.

அக்கா மகனுக்குப் போனில் ஆடுகிற பி.ஜி.எம்.ஐ., அதாவது பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு, மட்டும்தான் கேம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று திரும்பி வந்தது, 2022-ல் ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. இவ்வளவு இழுபறியிலும் காதல் குறையவில்லை. எனக்கு அதன்மேல் ஒரு கோபம் உண்டு. பக்கத்தில் யாராவது நடந்தால் திரை மூலையில் இருக்கிற சின்ன வரைபடமான மினிமேப்பில் காலடிக் குறி வரும், சுட்டால் துப்பாக்கிக் குறி வரும். காது செய்யவேண்டிய வேலையைக் கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "இது காப்பியடிச்சு பரீட்சை எழுதுற மாதிரிடா" என்று சொன்னேன்.

"மாமா, பின் பெஞ்சுல ஒக்காந்து ஆடும்போது ஹெட்போன் எப்படிப் போடுறது?" என்றான். அதற்கு வேறு மாதிரி பதில் சொல்லவேண்டி வந்தது, விடுங்கள்.

ஆனால் என் வாதத்தை உடைத்தது அவன் இல்லை. பட்டறையில் ஒரு மூத்த தையல்காரர். முப்பது வருஷ மிஷின் சத்தத்தில் வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது பாதிதான். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே பி.ஜி.எம்.ஐ.யைத் திறப்பார். நன்றாகவே ஆடுகிறார். "அண்ணாச்சி, பின்னாடி வர்றான்னு எப்படித் தெரிஞ்சிது?" என்றால் மினிமேப்பைத் தொட்டுக் காட்டுகிறார். நான் பத்து நாள் ஒற்றைக் காதோடு பட்ட பாட்டை அவர் ஆயுசுக்கும் பட்டுக்கொண்டிருக்கிறார். அதன்பிறகு அந்தக் குறிகளைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. ஃபோர்ட்நைட்டில் சத்தத்தைக் கண்ணால் காட்டுவது ஒரு செட்டிங், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். எல்லா கேமிலும் அப்படி வைத்தால் அண்ணாச்சிக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சரி, உண்மையில் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே ஹன்ட் ஷோடவுனுக்காகத்தான். கிரைடெக் செய்தது, 2019-ல் முழுசாக வந்தது, 2024-ல் 1896 என்ற வால் சேர்த்துப் புதுப்பித்தார்கள். அமெரிக்காவில் லூசியானா சதுப்பு நிலம், 1890-கள். பன்னிரண்டு பேர் வரை ஒரே மேப்பில், தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ. தடயம் தேடி ஒரு பெரிய பூதத்தைக் கண்டுபிடித்துக் கொல்லவேண்டும், அது கொடுக்கும் பரிசைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வெளியேறவேண்டும். மற்றவர்கள் உங்களை விடமாட்டார்கள். செத்தால் அந்த வேட்டைக்காரன், அவன் துப்பாக்கி, அவன் கற்ற வித்தை எல்லாம் அதோடு போச்சு.

அந்தக் காலத்துத் துப்பாக்கி. ஒரு குண்டு சுட்டுவிட்டு லீவரை இழுக்கவேண்டும், சிலதில் குண்டை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். அதனால் மேட்ச்சில் முக்கால்வாசி நேரம் யாரும் சுடுவதே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேமைச் செய்தவர்கள் மேப் முழுக்கச் சத்தப் பொறி வைத்திருக்கிறார்கள்: தரையில் உடைந்த கண்ணாடி, காய்ந்த சுள்ளி, தொங்குகிற சங்கிலி, கூண்டுக்குள் நாயும் கோழியும், செத்துக்கொண்டிருக்கிற குதிரை. எல்லாவற்றுக்கும் மேலாகக் காக்கா. பாதையோரம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் கத்திக்கொண்டே எழும்பும், அரை மேப்புக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அம்மா தினமும் காலையில் தகரத்து மேல் காக்காவுக்குச் சோறு வைக்கிறவள். என் வாழ்க்கையில் காக்காவைக் கண்டு பயந்தது இந்த கேமில்தான்.

என் ஜோடி செம்பூர்க்காரன். அவன் வீட்டில் தனி அறை, கதவு உண்டு. நன்றாகச் சத்தமாகப் பேசுவான். என்னால் பேச முடியாது. வாயை மைக்கோடு ஒட்டி "வலது... வலது..." என்று கிசுகிசுப்பேன். "மச்சான், நீ கேம் ஆடுறியா, மந்திரம் ஓதுறியா?" என்பான். ஒருநாள் அவன் விழுந்துவிட்டான். நான் ஒரு மரக் கொட்டகையில் மூலையில் குந்தியிருந்தேன். வெளியே இரண்டு பேர். அவர்களுக்கும் நான் எங்கே என்று தெரியாது. ஆறு நிமிஷம் யாரும் அசையவில்லை. ஈ சத்தம், தூரத்தில் எங்கோ ஒரு வேட்டு, அதற்குப் பதில் வேட்டு, மறுபடி ஈ. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், கேமில் இல்லை, நிஜமாகவே. பிறகு இடது பக்கம், கொஞ்சம் பின்னால், கண்ணாடி ஒரே ஒரு முறை நொறுங்கியது. அவன் காலை எடுக்கவில்லை, அழுத்தி நிற்கிறான். மர பலகைச் சுவர்தானே, குண்டு போகும். திரும்பினேன், சுவரைப் பார்த்தே சுட்டேன். விழுந்தான்.

எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன். கீழே லைட் எரிந்தது. "ஏலே, யாருலே செத்தது?"

யாரும் சாகவில்லை என்று அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு மேலே வந்தால் இரண்டாவது ஆள் என்னைக் கொன்றுவிட்டிருந்தான். போகட்டும். ஐ.ஜி.ஐ. மலையடிவாரத்தில் தொலைத்தது எனக்கு அந்தக் கொட்டகையில் கிடைத்தது.

ஹன்ட்டில் குறை இல்லாமல் இல்லை. மெனு ஒரு சக்கரவியூகம், 2024-ல் மாற்றியபிறகு இன்னும் மோசம் என்று ஆடுகிறவர்கள் கூப்பாடே போட்டார்கள். புதிதாக வருகிறவனை முதல் இருபது மேட்ச்சில் பிழிந்து காயப்போட்டுவிடும். பொறுமை இல்லாதவர்கள் வாங்கவேண்டாம். பொறுமை உள்ளவர்களும் சேல் வரும்வரை பொறுத்து வாங்கலாம்.

ஹிட்மேன் 2 பற்றிக் கேட்பவர்கள் உண்டு, அதில் மும்பை வருகிறதே என்று. டென்மார்க்காரர்கள் 2018-ல் செய்தது. சந்து, தகரக் கூரை, சலவைத் துறை, ரயில்வே யார்டு, பாதி கட்டின உயரக் கட்டடம் எல்லாம் இருக்கிறது. மூன்று பேரைத் தீர்க்கவேண்டும். அதில் மேல்ஸ்ட்ராம் என்கிறவன் முகம் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆட்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டால்தான் வழி திறக்கும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. சவரக் கடைக்காரனாக வேஷம் போட்டு அவன் கழுத்தில் கத்தி வைக்கிற இடம் அருமை. ஆனால் எங்கள் ஏரியாவில் பிறந்த காதுக்கு ஒன்று உறுத்தியது. எங்கள் சந்தில் கண்ணை மூடினால் முதலில் கேட்பது தையல் மிஷின், பிறகு தகரம் தட்டுவது, பிறகு யாரோ தமிழில் திட்டுவது. டென்மார்க் மும்பையில் கூட்டத்தின் இரைச்சல் இருக்கிறது, வேலையின் இரைச்சல் என் காதுக்கு எட்டவில்லை. ஒரு தமிழ் வசவு கூட விழவில்லை.

ஹெல்பிளேட் துப்பாக்கி இல்லை, வாள். 2017-ல் வந்தது. திரையில் உயிர் அளவு, குறி எதுவும் கிடையாது. நாயகி செனுவாவின் தலைக்குள் பேசுகிற குரல்கள்தான் "பின்னால்!" என்று எச்சரிக்கும். மனித மண்டை மாதிரி செய்த மைக்கில் பதிவு செய்ததால் குரல் பிடரியில் மூச்சு விடுகிறது. கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரிடமும், அப்படிக் குரல் கேட்கிறவர்களிடமும் கேட்டுக்கேட்டுச் செய்திருக்கிறார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். ஊரில் என் பெரியப்பாவுக்குக் குரல் கேட்கும். சின்ன வயதில் நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இவ்வளவும் அக்டோபர் முதல் மே வரைக்கும்தான். ஜூன் பிறந்து தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் என் காது வேலைக்கு ஆகாது. காலடி கேட்காது, கண்ணாடி கேட்காது. ஜூலையில் என் ரேங்க் மாலாவிலிருந்து கீழே விழும். அந்த நாலு மாதத்துக்கு டூம்தான்.

டூம் என் அளவுகோலுக்கே எதிரானது, அது சரியான பட்டாசுக் கடை, ஆனாலும் பிடிக்கும். 2020-ல் வந்த எடர்னலில் ஒளிவதற்கு இடமில்லை, நின்றால் சாவு. உயிர் வேண்டுமா, கிட்டே போய்க் கையால் கிழி. குண்டு வேண்டுமா, ரம்பத்தால் அறு. கவசம் வேண்டுமா, நெருப்பை ஊது. மராடர் என்று ஒருவன் வருவான்; அவன் கண்ணில் பச்சை மின்னும் நொடியில் மட்டும் அடிக்கவேண்டும். 2025-ல் வந்த டார்க் ஏஜஸில் கேடயம் கொடுத்து நின்று சண்டை போடச் சொல்கிறார்கள், அங்கேயும் பச்சையாக வருவதைத்தான் தட்டித் திருப்பவேண்டும். எல்லாம் கண்ணுக்கு. எனக்கு எடர்னல்தான் மேல்; டார்க் ஏஜஸ் கொஞ்சம் கனம், ஈரத் தோல் மாதிரி.

மழை அடித்து ஊற்றுகிற ராத்திரிகளில் நான் அந்த அட்டைப் பெட்டியையும் திறப்பேன். நீல ஸ்விட்ச் கீபோர்டு. தகரத்தில் விழும் மழையில் க்ளிக் எங்கே கேட்கப்போகிறது? போன ஜூலையில் ஒருநாள் அப்படித்தான், கீபோர்டைப் போட்டுத் தாக்கிக்கொண்டிருந்தேன். கீழே அம்மா ஒழுகுகிற இடத்தில் குண்டானை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மழைக்கு எலி மறுபடியும் உள்ள வந்துட்டு பாத்தியா," என்றாள்.